யார் காத்திருக்கலாம்? மேனேஜ்டு ஸ்விட்ச்சில் போக்குவரத்து முன்னுரிமை: புனே வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களமும் கருதுகோளும்

புனேயிலிருந்து நாசிக் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் சென்றால் ஜுன்னர் வட்டத்தில் நாராயண்காவ் வரும். அதையடுத்த கோடத் என்னும் ஊரைச் சுற்றி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள் நிற்கின்றன. இதுதான் ஜிஎம்ஆர்டி என்னும் மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கி. இவற்றில் 14 டிஷ்கள் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் நெருங்கி நிற்க, மற்ற 16 மூன்று கைகளாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர். புனே பல்கலைக்கழக வளாகத்திலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையம் இதை நடத்துகிறது. அது டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கம். இதைக் கட்டியெழுப்பிய கோவிந்த் ஸ்வரூப்தான், உதகைக்கு அருகே முத்தோரையில் மலைச்சரிவின் சாய்வையே பயன்படுத்தி 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை 1970-இல் நிறுவியவர். ஆகவே கோடத் நமக்கு முற்றிலும் அந்நிய ஊர் அன்று.

ஒரு ஸ்விட்ச்சின் அமைப்பைப் பற்றிய ஆய்வுக்கு இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மிகப் பெரிய தரவும் மிக அவசரமான தரவும் ஒன்றல்ல என்பது இங்கே துலக்கமாகத் தெரிகிறது. வானத்திலிருந்து வரும் தரவு மலைபோல் குவிகிறது. காற்று வலுக்கும்போது டிஷ்களை உச்சி வானத்தை நோக்கித் திருப்பி நிறுத்தச் சொல்லும் கட்டளையோ சில நூறு பைட்டுக்குள் அடங்கிவிடும். அது தாமதித்தால் பல டன் எஃகு ஆபத்துக்குள்ளாகும்.

முன்னுரிமை அலைவரிசையைக் கூட்டாது. ஒருவரை முந்தவிட்டால் இன்னொருவர் காத்திருக்கத்தான் வேண்டும். எனவே க்யூஓஎஸ் (சேவைத் தரம்) வேலையின் முதல் படி, யார் காத்திருந்தால் கேடில்லை என்பதைத் தாளில் எழுதி, பொறுப்பில் இருப்பவரிடம் ஒப்புதல் வாங்குவது. அதற்குப் பிறகுதான் கட்டளைத் திரை. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

2. நெரிசலுக்கு ஓர் அளவுகோல்

கண்ணாடியிழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோநொடி ஆகிறது. கோடத் தொலைநோக்கியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நேராக இழை போட்டால் 125 மைக்ரோநொடி. இனி ஓர் ஈதர்நெட் ஃப்ரேமை எடுத்துக்கொள்வோம். முழு அளவு ஃப்ரேம், முன்னொட்டும் இடைவெளியும் சேர்த்து 1,538 பைட். 100 மெகாபிட் போர்ட்டில் அதை முழுதாக வெளியே தள்ள 123 மைக்ரோநொடி பிடிக்கும். அதாவது, பழைய போர்ட் ஒன்றில் ஒரே ஒரு பெரிய ஃப்ரேமுக்குப் பின்னால் நிற்பது, அந்தத் தொலைநோக்கியின் முழு அகலத்தையும் ஒளியாகக் கடப்பதற்குச் சமம். ஒரு ஜிகாபிட்டில் இது 12.3 மைக்ரோநொடியாகக் குறைகிறது. இரண்டரைக் கிலோமீட்டர் இழை. பத்து ஜிகாபிட்டில் கால் கிலோமீட்டர்கூட வராது.

இது ஒரு ஃப்ரேமின் கணக்கு. நெரிசல் என்பது வரிசையின் கணக்கு. ஜிகாபிட் போர்ட் ஒன்றின் முன் ஒரு மெகாபைட் தரவு தேங்கினால், கடைசியில் நிற்பது 8 மில்லிநொடி காத்திருக்கும். இழைத் தொலைவில் சொன்னால் 1,600 கிலோமீட்டர்; புனேயிலிருந்து சென்னைக்கு உள்ள தொலைவைவிட அதிகம். தொலைவைக் குறைப்பது நம் கையில் இல்லை. வரிசையைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

வரிசை எங்கே உருவாகிறது? வேகம் மாறும் இடத்திலும், பல வாசல்கள் ஒரே வாசலில் சேரும் இடத்திலும். 48 ஜிகாபிட் போர்ட்டுகளும் ஒரு பத்து ஜிகாபிட் அப்லிங்கும் உள்ள ஸ்விட்ச்சில் 4.8-க்கு 1 என்ற விகிதத்தில் போட்டி இருக்கிறது. கண்காணிப்பு வரைபடம் ஐந்து நிமிடச் சராசரியைக் காட்டி, பயன்பாடு பத்து சதவீதம்தான் என்று ஆறுதல் சொல்லும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு மில்லிநொடி நீடித்த வெள்ளம் ஒன்றில் ஃப்ரேம்கள் உதிர்ந்திருக்கும். சராசரியை மட்டும் பார்த்துவிட்டு “நெரிசலே இல்லை” என்று எழுதும் அறிக்கைகளை நான் ஏற்பதில்லை.

3. அடையாளம் இடும் இரு இடங்கள்

ஸ்விட்ச் ஒரு ஃப்ரேமின் தரத்தை இரண்டு இடங்களில் படிக்கலாம். முதலாவது, ஐஇஇஇ 802.1க்யூ டேக். அந்த நான்கு பைட்டில் 12 பிட் வீலான் எண்ணுக்கு, 3 பிட் முன்னுரிமைக்கு. மூன்று பிட் என்பதால் 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். இதில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: தரத்தின்படி மிகத் தாழ்ந்தது 0 அன்று, 1. சாதாரணப் போக்குவரத்துக்கு 0. பின்னணி வேலைகளுக்கு 1. பேக்கப்பைச் சற்றே உயர்த்துவதாக எண்ணி 1 கொடுப்பவர், தரத்தைப் பின்பற்றும் ஸ்விட்ச்சில் அதைக் கீழே தள்ளுகிறார்.

இரண்டாவது, ஐபி தலைப்பிலுள்ள டிஎஸ்சிபி என்னும் 6 பிட் புலம். இது 1998 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 2474-இல் வரையறுக்கப்பட்டது. டேக் ஒரு வீலான் எல்லையில் கழன்றுவிடக்கூடும். டிஎஸ்சிபி பாக்கெட்டுடனேயே ரூட்டரைத் தாண்டிப் போகும். குரலுக்கு வழக்கமாக 46; அழைப்பை ஏற்படுத்தும் சைகைச் செய்திகளுக்கு 24; ரூட்டிங் நெறிமுறைகளுக்கு 48.

இந்த இரண்டையும் பொருத்தும் அட்டவணையில்தான் பல நிறுவல்கள் சறுக்குகின்றன. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 வரிசை ஸ்விட்ச்சுகளில் தொழிற்சாலை அமைப்பின்படி டேக்கின் 5 என்ற மதிப்பு டிஎஸ்சிபி 40 ஆகிறது, 46 ஆவதில்லை. ஸ்விட்ச்சுக்குள் குரல் நன்றாகப் போகும். அடுத்த ரூட்டர் 46-ஐ மட்டும் எதிர்பார்த்தால் அங்கே அதற்கு மரியாதை கிடைக்காது. வயர்லெஸ் பக்கம் இன்னொரு சிக்கல். 46-ஐ இரும எண்ணில் எழுதினால் 101110. முதல் மூன்று பிட்டை மட்டும் எடுக்கும் அக்சஸ் பாயிண்டுக்கு அது 5; வைஃபை வகைப்பாட்டில் 5 என்பது வீடியோவின் இடம். குரல் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. இதைச் சரிசெய்வதற்கென்றே 2018-இல் ஆர்எஃப்சி 8325 வந்தது.

4. எந்த வாசலில் நம்புவது

அடையாளத்தை யார் வேண்டுமானாலும் இடலாம். ஒரு மடிக்கணினி தன் பாக்கெட்டுகள் அனைத்திலும் 46 என்று எழுதிக்கொண்டால் தடுக்க ஆளில்லை. சிறப்பு தரிசனச் சீட்டை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் அந்த வரிசையும் பொது தரிசன வரிசையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு போர்ட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி: இங்கிருந்து வரும் அடையாளத்தை ஏற்பதா, அழித்து எழுதுவதா?

என் பரிந்துரை கண்டிப்பானது. பயனர் போர்ட்டுகளில் எதையும் நம்ப வேண்டாம். வந்ததை 0 ஆக்கி, தேவையானால் விதிப்படி மறுபடி அடையாளமிடலாம். ஐபி தொலைபேசி இணைந்த போர்ட்டில், அங்கிருப்பது தொலைபேசிதான் என்று ஸ்விட்ச் உறுதிப்படுத்திய பிறகு மட்டும் நம்பலாம். சிஸ்கோவில் அதற்கு சிடிபி, மற்றவற்றில் எல்எல்டிபி-மெட். தொலைபேசிக்குப் பின்னால் செருகிய கணினியின் அடையாளத்தைத் தொலைபேசியே துடைத்துவிடும்படி அமைக்கலாம். நம் நிர்வாகத்திலுள்ள ஸ்விட்ச்சுகளுக்கு இடையிலான அப்லிங்குகளை முழுதாக நம்பலாம். ஒவ்வோர் அடியிலும் மறுபடி சோதிப்பது வீண் வேலை.

இங்கே சற்று நிற்க வேண்டும். க்யூஓஎஸ்-ஐ இயக்கியதும் நிலைமை மோசமானது என்ற புகார் எல்லா ஊரிலும் கேட்கிறது. அதே 2960-இல் நடப்பதைப் படிப்படியாகப் பார்த்தால் காரணம் புரியும். ஸ்விட்ச் பெட்டியிலிருந்து வரும்போது க்யூஓஎஸ் அணைந்திருக்கிறது. அப்போது அது எந்த அடையாளத்தையும் தொடாது. 46 உள்ளே வந்தால் 46 ஆகவே வெளியே போகும். இப்போது நிர்வாகி “எம்எல்எஸ் க்யூஓஎஸ்” என்ற ஒற்றை வரியை மட்டும் இடுகிறார். அந்தக் கணமே எல்லாப் போர்ட்டுகளும் நம்பப்படாதவை ஆகின்றன. தொலைபேசி இட்ட 46, உள்ளே நுழைந்ததும் 0 ஆகிறது. கூடவே, அதுவரை பொதுவாக இருந்த பஃபர் நினைவகம் நான்கு வரிசைகளுக்குப் பங்கிடப்படுகிறது. எல்லாப் போக்குவரத்தும் 0 என்பதால் அனைத்தும் ஒரே வரிசைக்குப் போய், அந்தக் கால் பங்குக்குள் நெருக்கியடிக்கின்றன. முன்பு உதிராத கோப்புப் பரிமாற்றம்கூட இப்போது உதிர்கிறது. குரலுக்கு உதவ வந்த வரி, குரலையும் கோப்பையும் ஒருசேரக் கெடுத்துவிட்டது.

எனவே வரிசைமுறை முக்கியம். முதலில் போர்ட்டுகளின் நம்பிக்கை நிலை, அடுத்து பொருத்த அட்டவணையில் 5-க்கு நேரே 46, பிறகு முன்னுரிமை வரிசையைத் திறப்பது, கடைசியாகத்தான் பொது இயக்க வரி. அதையும் ஆட்கள் இல்லாத நேரத்தில், ஒரே ஸ்விட்ச்சில். எதையும் செய்ய நேரமில்லை என்றால் அணைத்தே வைத்திருப்பது, பாதி செய்து விடுவதைவிட மேல்.

5. வரிசைகளை நடத்தும் விதிகள்

வரிசையை எப்படிக் காலி செய்வது என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. 1985-இல் ஜான் நேகல், ஒவ்வொரு மூலத்துக்கும் தனி வரிசை வைத்து முறைவைத்து எடுக்கலாம் என்றார். 1989-இல் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் ஆகியோர் ஃப்ரேம்களின் அளவையும் கணக்கில் கொண்ட நியாய வரிசை முறையை வகுத்தனர். அது நேர்த்தியானது, ஆனால் வன்பொருளில் செலவு மிக்கது. 1995-இல் ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் முன்வைத்த பற்றாக்குறைச் சுழல்முறை, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பைட் கணக்குப் புத்தகம் வைத்து, இந்தச் சுற்றில் மிஞ்சியதை அடுத்த சுற்றுக்கு எடுத்துச் சென்றது. மலிவு விலை ஸ்விட்ச்சிலும் எடையிட்ட வரிசைகளை நியாயமாக நடத்த முடிவதற்கு இந்த வகைச் சிந்தனைதான் வழிவகுத்தது.

மறுபுறம் கண்டிப்பான முன்னுரிமை. மேல் வரிசையில் ஒன்று இருக்கும்வரை கீழ் வரிசைக்கு வாய்ப்பே கிடையாது. ஆற்றல் மிக்கது, அதனாலேயே அளவோடு தர வேண்டியது. குரலுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஜி.711 குறிமுறையில் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், அதில் 160 பைட் குரல், 40 பைட் தலைப்புகள், 18 பைட் ஈதர்நெட் உறை. நொடிக்கு 50 பாக்கெட் என்றால் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 87.2 கிலோபிட். ஒரே நேரத்தில் 200 அழைப்புகள் நடந்தாலும் 17.4 மெகாபிட்தான், ஜிகாபிட் அப்லிங்கில் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. புனேயின் ஹிஞ்சவாடியில் கால் சென்டர் நடத்துவோர்கூட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குரலுக்குத் தேவை குறுகிய வழி, ஆனால் தடையில்லா வழி. சிஸ்கோவின் வடிவமைப்பு வழிகாட்டிகள், கண்டிப்பான வரிசைக்கு இணைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தர வேண்டாம் என்கின்றன. ஈதர்நெட் அப்லிங்கில் பத்து சதவீதமே தாராளம் என்பது என் கருத்து. அந்த வரம்பை ஸ்விட்ச்சிலேயே போலீசர் விதியாக எழுதிவிட வேண்டும். பழுதான கருவி ஒன்று 46 என்ற அடையாளத்துடன் வெள்ளமாய்ப் பாய்ந்தால் ஊரையே மூழ்கடிக்காமல் இருக்க அந்த வரம்புதான் காவல்.

கண்டிப்பான முன்னுரிமையும் சர்வ வல்லமை பெற்றதன்று. ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்கும் ஃப்ரேமை அது பாதியில் நிறுத்தாது. முன்பு சொன்ன 12.3 மைக்ரோநொடி வரையிலான காத்திருப்பிலிருந்து, ஜிகாபிட்டில் முன்னுரிமையால் மட்டும் எவரும் தப்ப முடியாது. குரலுக்கு இது ஒன்றுமில்லை. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடி வரை பெரும்பாலான பயன்பாடுகளுக்கு ஏற்றது என்பது ஐடியூ-டி ஜி.114-இன் அளவை. மைக்ரோநொடிக்கும் குறைவாகக் கடிகாரங்களை ஒத்திசைக்க முயலும் பிடிபி நெறிமுறைக்கோ அது பெரும் பிழை. அங்கே முன்னுரிமை மட்டும் போதாது. ஸ்விட்ச் தன்னுள் பாக்கெட் தங்கிய நேரத்தை அளந்து குறித்தனுப்பும் டிரான்ஸ்பரன்ட் கிளாக் வசதி வேண்டும்.

6. கோடத் போன்ற பணியிடத்துக்கு ஒரு மாதிரி

இங்கு வரைவது ஜிஎம்ஆர்டி-யின் உள் அமைப்பின் நகல் அன்று. அத்தகைய பணியிடத்துக்குப் பொருந்தும் மாதிரி மட்டுமே. ஆனால் அங்குள்ள ஓர் அடிப்படை முடிவு இந்த ஆய்வுக்கு வலுவான சான்று. டிஷ்கள் பிடிக்கும் வானொலிச் சைகை ஈதர்நெட் பாக்கெட்டாக மாறி ஸ்விட்ச் வழியே மையத்துக்கு வருவதில்லை. அனலாக் வடிவிலேயே ஒளியிழையில் ஏறி மையக் கட்டடத்தை அடைகிறது, டிஜிட்டலாக்கம் அங்கேதான். மேம்படுத்தப்பட்ட தொலைநோக்கியின் அதிகபட்ச அலைவரிசை 400 மெகாஹெர்ட்ஸ். அதற்கு நொடிக்கு 80 கோடி மாதிரிகள் வேண்டும். மாதிரிக்கு 4 பிட் என்று சிக்கனமாக எடுத்தாலும், இரண்டு முனைவாக்கத்துக்கும் சேர்த்து டிஷ் ஒன்றுக்கு 6.4 ஜிகாபிட், முப்பதுக்கும் 192 ஜிகாபிட். இதைக் கட்டுப்பாட்டுச் செய்திகளோடு ஒரே ஸ்விட்ச்சில் விட்டு, முன்னுரிமை எண்களைக் கொண்டு பஞ்சாயத்து செய்வது அறிவுடைமை ஆகாது. பெருவெள்ளத்துக்குத் தனி வாய்க்கால் வெட்டுவதே முதல் தீர்வு. பிரிக்க முடியாதவற்றுக்குத்தான் முன்னுரிமை.

அப்படிப் பிரித்த பின் பொது ஸ்விட்ச்சில் மிஞ்சுபவை: டிஷ் கட்டுப்பாடும் எச்சரிக்கையும், கருவிகளின் கண்காணிப்பு அளவீடு, தொலைபேசி, வானியலாளர்கள் தொலைவிலிருந்து திறக்கும் திரைகள், புனே மையத்துக்குப் போகும் முடிவுத் தரவு, அலுவலக இணையம், இரவு பேக்கப். கண்டிப்பான வரிசையில் இரண்டே இரண்டு: டிஷ் கட்டுப்பாடும் எச்சரிக்கையும் ஒன்று, குரல் மற்றொன்று. கட்டுப்பாட்டுக்குத் தனி வீலான். டேக் மதிப்பு 6. அந்த வீலானில் வேறு கருவி எதற்கும் இடமில்லை.

கண்காணிப்பு அளவீட்டைக் கண்டிப்பான வரிசையில் சேர்க்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். வெப்பநிலை, மின்னழுத்தம் போன்ற எண்கள் ஓயாமல் வரும். ஒன்று போனால் அடுத்த நொடி இன்னொன்று வரும். அவற்றுக்கு எடையிட்ட வரிசையில் உறுதியான பங்கு இருந்தால் போதும். தொலைத் திரைகளும் அப்படியே. முடிவுத் தரவு வட்டில் பதிந்த பின் கிளம்புவது. ஒரு மணி நேரம் பிந்தினாலும் அறிவியலுக்கு இழப்பில்லை. அதற்குப் பெரும் பங்கும் ஆழமான பஃபரும் தரலாம், அவசர அடையாளம் தரலாகாது. பேக்கப்புக்கு டேக் மதிப்பு 1.

பதவியில் உயர்ந்தவரின் கணினிக்கு முன்னுரிமை கேட்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் வேரூன்றியிருக்கிறது. கோரிக்கை எழுத்தில் வரட்டும். காத்திருந்தால் எது கெடும் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கட்டும். பதில் இல்லாத கோரிக்கை பொது வரிசைக்கே உரியது.

தேசிய வானொலி வானியற்பியல் மையம், தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழும் எஸ்கேஏ தொலைநோக்கியின் மேலாண்மை மென்பொருளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பை முன்னின்று நடத்தியது. கட்டளை சிறியது, அதன் விளைவு பெரியது என்ற பாடத்தின் எடை இந்த வட்டாரப் பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரியும்.

7. சாக்கண்: காத்திருக்கவே முடியாத தளம்

அதே நாசிக் சாலையில், புனேக்கு அருகே, சாக்கண் தொழிற்பேட்டை. வாகன ஆலைகளும் உதிரிபாக ஆலைகளும் நிறைந்த இடம். இத்தகைய ஆலைகளில் பரவலாகப் பயன்படும் ப்ரோஃபிநெட், தன் நிகழ்நேர ஃப்ரேம்களுக்கு டேக் மதிப்பு 6 இடுகிறது. சுழற்சி சில மில்லிநொடி. வழக்கமான அமைப்பில் தொடர்ந்து மூன்று சுழற்சிகள் தவறினால் கருவி பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும், லைன் நிற்கும். அதே ஸ்விட்ச்சில் யாரோ பத்து கேமராக்களைச் செருகி, ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இல்லாததால் மல்ட்டிகாஸ்ட் வீடியோ எல்லாப் போர்ட்டிலும் வழிந்தால், குற்றம் ப்ரோஃபிநெட்டின் மீது சாற்றப்படும். இங்கே 6-ஐ நம்பும்படி போர்ட்டுகளை அமைத்து, கேமராக்களை வேறு வீலானுக்கு மாற்றினாலே பெரும்பாலான நிறுத்தங்கள் தீரும். இன்னும் நுண்ணிய தேவைக்கு, குறித்த நேரத்தில் குறித்த வரிசைக்கு மட்டும் கதவு திறக்கும் 802.1க்யூபிவி, ஃப்ரேமை இடையில் நிறுத்தும் 802.1க்யூபியூ ஆகிய தரங்கள் 2015, 2016 ஆண்டுகளிலேயே வந்துவிட்டன.

8. சோதனையும் கொள்முதலும்

அமைத்ததைச் சோதிக்கும் ஒரே நேர்மையான வழி, நெரிசலை வேண்டுமென்றே உண்டாக்குவது. ஐபெர்ஃப் கொண்டு அப்லிங்கை நிரப்பிவிட்டு ஓர் அழைப்பு போடுங்கள். வரிசைவாரியாக எத்தனை ஃப்ரேம் போனது, எத்தனை உதிர்ந்தது என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். உதிர்வு கீழ் வரிசையில் மட்டும் ஏற வேண்டும். மேல் வரிசையில் ஒன்று உதிர்ந்தாலும் வரம்பு தவறு, அல்லது அங்கே சேரக்கூடாதது சேர்ந்திருக்கிறது. குரல் வரிசையில் போன ஃப்ரேம்களின் எண்ணிக்கை பூஜ்யமாகவே நின்றால் அடையாளம் வழியில் எங்கோ அழிகிறது. அதை ஸ்விட்ச் ஸ்விட்ச்சாகப் பின்தொடருங்கள்.

நம் கல்வி நிலையங்களின் டெண்டர்களில் போர்ட் எண்ணிக்கையும் வேகமும் விலையும் இருக்கும். ஒரு போர்ட்டுக்கு எத்தனை வரிசை, எவ்வளவு பஃபர், வரிசைவாரியாக உதிர்வைக் காட்டுமா, போர்ட் வாரியாக நம்பிக்கை நிலையை மாற்ற முடியுமா என்ற நான்கு கேள்விகள் பெரும்பாலும் இருப்பதில்லை. அடுத்த டெண்டரை எழுதும் பொறியாளர் இந்த நான்கையும் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். வரிசைவாரி உதிர்வைக் காட்டாத ஸ்விட்ச்சை, விலை பாதியானாலும், வாங்க வேண்டாம்.